கமாண்டரின் ட்ரியோ

மூன்றாவது மாடிக்கு இன்னும் இரண்டே படி. கமாண்டர் நின்றுவிடுகிறார். ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் பால் பாக்கெட். முகத்தைச் சுளித்துக்கொள்கிறார். பிறகு விறுவிறுவென்று படிக்கட்டின் திருப்பம் வரை இறங்கி, இடது காலை முன்வைத்து மறுபடி ஏறி வருகிறார். இந்தத் தடவை கடைசிப் படியில் சரியாக இடது கால் வந்து விழுகிறது. "அப்பாடா" என்று பையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் தேடுகிறார்.

"வலது கால்ல முடிஞ்சா என்ன ஆயிடும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. நாள் முழுக்க ஒரு கால்ல மட்டும் செருப்பு போட்டுக்கிட்டுத் திரியற மாதிரி இருக்கும்."

அவர் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. ராணுவத்தில் யாரையும் அவருக்குத் தெரியாது. துப்பாக்கி என்ன, தீபம் ஏற்றத் தீக்குச்சி கிழித்தாலே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவர். நாலு பேர் நடுவில் நின்றால் காணாமல் போய்விடுகிற உயரம். கமாண்டர் என்று பெயர் வைத்தது எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன். காலையில் மேலிருந்து டிரம் சத்தம் வர ஆரம்பித்தால் கேட்டைத் திறக்கிற அவருடைய கை தானாக வேகம் எடுத்துவிடுமாம். "மூணாவது மாடி கமாண்டர் எழுந்தாச்சு" என்று அவர் சொல்லப் போக, தண்ணீர் கேன் போடுகிறவர் முதல் மின்சாரக் கணக்கு எடுக்கிறவர் வரை எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவருடைய உண்மைப் பெயரில் கூரியர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கமாண்டரின் தொழில் ராணுவ அணிவகுப்பு இசை எழுதுவது. எந்த ராணுவத்துக்கும் இல்லை. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் சினிமாவுக்கும். எழுதி, கம்ப்யூட்டரில் வாசித்து, ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிடுவார். அவர்கள் அதை ஒரு பெரிய கிடங்கில் போட்டு வைத்திருப்பார்கள். படம் எடுக்கிறவர்கள், செய்தி போடுகிறவர்கள், கடையில் சட்டை எடுப்பதுபோல அளவு பார்த்து எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு விளம்பரத்தில் எண்ணெய்ப் பிசுக்குகள் வரிசையாக நடந்துவந்து, வெள்ளை நுரையைப் பார்த்ததும் சிதறி ஓடுகின்றனவே, அந்தப் படையை நடக்கவிட்டவர் இவர்தான். ஓட விட்டவரும் இவர்தான்.

"ஸ்கூல்ல பேண்ட்ல சேர்த்துக்கலக்கா" என்பார். "டிரம்மை என் கழுத்துல மாட்டி நடக்கவிட்டுப் பார்த்தாங்க. பின்னாடி ஆள் இருக்கறதே தெரியல, டிரம் மட்டும் தானா நடந்து வருதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. சரி, நடக்கத்தானே விட மாட்டீங்க, நடக்க வைக்கிறேன் பாருங்கன்னு ஆரம்பிச்சேன்."

போனில் அவருக்கு வருகிற ஆர்டர்களை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் நடித்துக் காட்டும்போது காபி ஆறிப்போகும். "மேடம், ராணுவம் வேணும். ஆனா பயமா இருக்கக் கூடாது." "வெற்றி ஊர்வலம் மாதிரி இருக்கணும் மேடம், ஆனா யார் ஜெயிச்சாங்கன்னு தெரியக் கூடாது. ஓட்டு எண்ணி முடிக்கல." மெத்தை கம்பெனிக்காரர் ஒருவர் கேட்டது: "படை நடந்து வரணும், நடந்துக்கிட்டே தூங்கிடணும்." அதை அவர் செய்தும் கொடுத்தார். டிரம்பெட்டுகள் ஒவ்வொன்றாகக் கொட்டாவி விடும். கடைசியில் பெரிய டிரம் மட்டும் குறட்டை மாதிரி தனியாகப் போய்க்கொண்டிருக்கும். அதைப் பதிவு செய்த அன்று நான் மத்தியானம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு உண்மையாகவே தூங்கிவிட்டேன்.

கம்ப்யூட்டரில் அவர் வைத்திருக்கிற பெயர்களைப் பார்த்தால் அந்தந்த மார்ச் கேட்காமலே காதில் விழும். பெருமிதம், மிதமானது. பெருமிதம், கொஞ்சம் தூக்கலாக. பெருமிதம், தொண்டை அடைப்போடு. தொப்பை ராணுவம். தொப்பை ராணுவம், மழையில். அமைச்சர் வருகிறார். அமைச்சர் வரவில்லை.

"அதென்ன, வரவில்லை?"

"அதே ட்யூன்தான்கா. கடைசியில கொஞ்சம் சுருதி இறங்கும்."

ஒரு தேர்தலின்போது எதிரெதிர் வேட்பாளர்கள் இரண்டு பேரும் கிடங்கிலிருந்து ஒரே மார்ச்சை எடுத்துவிட்டார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. இரண்டு பிரச்சார வண்டிகளும் எங்கள் தெருமுனையில் நேருக்கு நேர் வந்து நின்றன. ஒன்றை ஒன்று அமுக்குவதற்காக இரண்டும் சத்தத்தைக் கூட்ட, ஒரே இசை அரை வரி முன்பின்னாக முட்டி மோதி, தெருநாய்கள் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒளிந்துகொண்டன. கமாண்டர் பால்கனியில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக் கத்தினார்: "அண்ணே, பச்சை வண்டி அண்ணே! கொஞ்சம் நிறுத்திட்டு, அவங்க முடிச்சதும் சேர்ந்து ஆரம்பிங்கண்ணே!" பச்சை வண்டிக்காரருக்கு என்ன தோன்றியதோ, நிறுத்தினார். அடுத்த சுற்றில் சேர்ந்து ஆரம்பித்தார். அது முடிகிற வரை தெருவில் ஒரே கட்சிதான் இருந்தது.

டிரம்பெட், கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடைக்கின்றன. விரலால் தட்டினால் ஊதுகின்றன. பெரிய டிரம்மை மட்டும் அவர் அதிலிருந்து எடுக்க மாட்டார். "கம்ப்யூட்டர் டிரம்முக்கு வயிறு கிடையாதுக்கா." நிஜ டிரம் ஒன்று படுக்கையறையில் கட்டிலின் மேல் இருக்கிறது. இரவில் தரைக்கு இறக்குவார்கள், காலையில் மறுபடி ஏற்றுவார்கள். கமாண்டருக்கு இரண்டு கையும் கீபோர்டில் இருப்பதால், டிரம் அடிப்பது அவருடைய கணவரின் வேலை. கணவர் எதிர்ச்சாரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். மெல்லப் பேசுகிறவர். சீட்டைப் பார்த்து, அலமாரியைப் பார்த்து, மறுபடி சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற அதே நிதானத்தில்தான் டிரம்மையும் அடிப்பார்.

"ஏங்க, அது டிரம்மு. தலைவலி மாத்திரை இல்ல. ஓங்கிப் போடுங்க!"

"ஓங்கிப் போட்டா கீழ் வீட்ல இருந்து மேல வந்துடுவாங்கம்மா."

"வரட்டுமே. வந்தா சிம்பல் தட்ட ஒரு ஆள் கிடைச்சுது."

வந்தேன். கீழ் வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், கையில் கரண்டியோடு, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று படியேறிப் போனேன். கதவைத் திறந்த கமாண்டர் என் கரண்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "நல்ல மணிக்கட்டு" என்றார். அடுத்த நிமிடம் நான் அவர்கள் படுக்கையறையில் இரண்டு பித்தளைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு அவருடைய தலையசைப்புக்காகக் காத்திருந்தேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் கேட்டார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நாளைக்கும் வரச் சொன்னாங்க."

இனி ட்ரியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமாண்டரைப் பற்றி எழுத உட்கார்ந்து ட்ரியோவைச் சொல்லாமல் விட்டால் அவர் என்னை மன்னிக்க மாட்டார்.

ஒரு மார்ச்சின் ஆரம்பம் எல்லோருக்கும் தெரிந்தது. பித்தளை வாத்தியங்கள் எல்லாம் ஒரே மூச்சில் நெஞ்சை நிமிர்த்தும். ஆனால் முழு மார்ச்சில் நடுவே ஓர் இடம் வரும். டிரம் அடங்கும், டிரம்பெட்டுகள் வாயை மூடிக்கொள்ளும், சுருதி மாறும், கிளாரினெட்டுகள் தணிந்த குரலில் ஒரு நல்ல மெட்டைப் பாடும். அதுதான் ட்ரியோ. "அது வரைக்கும் ஊருக்காக நடக்கறான்கா" என்பார் கமாண்டர். "ட்ரியோ வந்ததும் வீட்டுக்குப் போற மாதிரி நடக்கறான். கால் அதே வேகம்தான். ஆள்தான் வேற." அவருடைய ஆசை, அன்பு, மூளை, மிச்சம் மீதி எல்லாம் இந்த ட்ரியோக்களில்தான் இருக்கின்றன. முன்பகுதியைக் காய் நறுக்கிக்கொண்டே எழுதிவிடுவார். ட்ரியோ எழுதும்போது மட்டும் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிடுவார்.

துயரம் என்னவென்றால், இத்தனை வருடத்தில் அவருடைய ட்ரியோ ஒன்றுகூட ஒளிபரப்பானதில்லை. யாருக்கும் அவ்வளவு நீளம் தேவைப்படுவதில்லை. செய்தி வாசிப்பவர் காகிதத்தைச் சீராக்குவதற்குள் மார்ச் தீர்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு முன்பே செத்துவிடும். எந்த வீட்டு டிவியிலிருந்தாவது அவருடைய மார்ச் கேட்டால், படியில் போய்க்கொண்டிருக்கிற கமாண்டர் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவார். "நம்ம பய வந்துட்டான்!" என்று ஒரு விரலை உயர்த்துவார். அந்த வீட்டுக்காரர்களும் சத்தத்தைக் கூட்டிவிட்டு அவரோடு சேர்ந்து காத்திருப்பார்கள். நெஞ்சு நிமிரும், டிரம் உருளும், இதோ, இதோ என்று இருக்கும்போது பட்டென்று நின்றுபோகும். "வெட்டிட்டான் பாவி!" என்று விரலை மடக்கிக்கொண்டு மேலே போய்விடுவார்.

ஆர்டர் கொடுக்கிறவர்களும் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். செய்தி சேனலில் ஒலிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் இவருக்குப் பழக்கம். அவர் போனில் அலுத்துக்கொள்வது எங்கள் வீடு வரை கேட்கும். "எதுக்கு மேடம் இவ்ளோ நீளமா அனுப்பறீங்க? முன்னாடி துண்டு போதும். மிச்சத்தை யார் கேக்கப் போறாங்க?"

"தலையை மட்டும் பெத்து அனுப்பச் சொல்றீங்களா சார்? எனக்கு அந்த வித்தை தெரியாது."

ஆக, அந்த ட்ரியோக்களை உலகத்தில் கேட்டவர்கள் எங்கள் குடியிருப்புவாசிகள் மட்டும்தான். அவர்களிலும் காது கொடுத்துக் கேட்டவர் என் வீட்டுக்காரர். காலையில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, கமாண்டரின் ட்ரியோவைச் சீட்டியடித்துக்கொண்டே ஷேவ் செய்வார். சீட்டி வென்டிலேட்டர் வழியாக மேலே போகும். மேல் வீட்டு வென்டிலேட்டரிலிருந்து பதில் வரும்.

"சார், அந்த இடத்துல மேல போகணும்!"

"தாடையில பிளேடு இருக்கும்மா. இப்ப மேல போனா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்!"

"அப்ப சரி சார், இறக்கியே பாடுங்க. நான் மாத்தி எழுதிக்கறேன்!"

நிஜமாகவே மாற்றி எழுதிவிடுவார். உலகத்தில் எந்த ராணுவமும் ஒரு மனிதரின் தாடையை அனுசரித்து நடந்திருக்காது.

என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு மேல் வீட்டில் சத்தம் நின்றுவிட்டது. கமாண்டர் படியில் பூனை மாதிரி ஏறி இறங்கினார். கடைசிப் படியில் எந்தக் கால் விழுந்தாலும் திரும்பி இறங்கவில்லை. ஆர்டர்கள் நின்றுபோய்விட்டன போலிருக்கிறது என்று நினைத்தேன். மருந்துக் கடைக்குப் போனபோது கணவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். வேலை நடக்கிறதாம். காதில் ஹெட்போன். டிரம்முக்குப் போர்வை சுற்றியிருக்கிறதாம். டிரம்முக்குப் பதிலாகத் தலையணையில் அடிக்கச் சொல்லியிருக்கிறாராம். "பஞ்சு எல்லாம் வெளிய வருதுங்க" என்றார் கவலையாக.

அன்று கடை சாத்தி அவர் வீடு திரும்பியதும் மேலே போனேன்.

"ஏன் சத்தமே இல்ல?"

கமாண்டர் ஹெட்போனைக் கழற்றினார். முகம் சின்னதாகிவிட்டது. "எப்படிக்கா... கீழ நீங்க அப்படி இருக்கும்போது, மேல நான் டம்டம்னு..."

"எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

"டிரம் இல்லாமலா?"

"ஆமா."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு படுக்கையறைப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏங்க! போர்வையை உருவுங்க! அக்காவுக்குத் தூக்கம் வரலையாம், ஓங்கிப் போடுங்க!"

அந்த வாரம் எழுதிய மார்ச்சின் ட்ரியோவைக் கூரை வழியாகத்தான் முதலில் கேட்டேன். கேட்ட உடனே தெரிந்துவிட்டது. கமாண்டர் ஒளிக்கவும் இல்லை. கீழே இறங்கி வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார். "சாருக்குத்தான்கா. வலது கன்னத்துல ஆரம்பிச்சு, தாடைக்கு வந்து, மேலுதட்டுல கொஞ்சம் நின்னு, இடது கன்னத்துல முடியுது. வேகமெல்லாம் ராணுவ வேகம்தான். ஆனா எங்கயும் வெட்டிக்காத மாதிரி போட்டிருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் கம்பெனியிலிருந்து அந்த போன் வந்தது. முழு மார்ச்சுகளை யாரும் எடுப்பதில்லையாம். இனி முன்துண்டுகள் மட்டும் அனுப்பினால் போதுமாம். கிடங்கில் ஏற்கெனவே இருக்கிற முழு மார்ச்சுகளையும் மாதக் கடைசியில் வெட்டிச் சுருக்கிவிடப் போகிறார்களாம். கமாண்டர் வாதாடினார். கோபப்பட்டார். கடைசியில், "ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ட்ரியோவை ஊர் கேட்டதுக்கு அப்புறம் வெட்டிக்கோங்க சார்" என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் ட்ரியோ என்றால் என்ன என்று கேட்டாராம்.

கிடங்கிலிருந்து முழுசாக எடுக்கப்பட்ட கடைசி மார்ச், என் வீட்டுக்காரருடையது. சேனல்காரர்தான் எடுத்தார், ஒரு விளையாட்டு அரங்கத்தின் திறப்பு விழா நேரலைக்கு. மைதானத்தில் நிஜ பேண்ட் இருக்கும். ஆனால் காற்றில் அது மைக்கில் சரியாக விழாது என்பதால், திறந்துவைக்க வருகிற தலைவர் காரிலிருந்து இறங்குகிற காட்சிக்கு ஸ்டுடியோவிலிருந்தே ஒரு மார்ச்சைப் போட்டுவிடுவார்கள். கமாண்டர் போனில் நயந்து பார்த்தார். "ட்ரியோ வரைக்கும் ஓடவிடுங்க சார். ஒரே தடவை."

"மேடம், கார் கதவைத் திறந்தா தலைவர் இறங்கிடுவார். இறங்கி ரெண்டு எட்டு வச்சா மேடை. அவர் கால் தரையில பட்டதும் நான் பாட்டை நிறுத்திடணும், அறிவிப்பாளர் பேசணும். இதுல உங்க ட்ரியோவுக்கு நான் எங்க போக?"

"அவர் மெதுவா இறங்கினா?"

"இறங்கற வரைக்கும் ஓடும் மேடம். அதுக்கு மேல என்னால முடியாது."

விழா அன்று காலையில் மூவரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கமாண்டர், கடையைச் சாத்திவிட்டு வந்த கணவர், கேட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்த வாட்ச்மேன். "உங்க டிவி பெருசு" என்று கமாண்டர் காரணம் சொன்னார். இரண்டு டிவியும் ஒரே அளவுதான். நாற்காலியில் அவர் உட்காரவில்லை. காபி டம்ளர்களைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, அவற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

கார்கள் வரிசையாக வந்தன. மார்ச் தொடங்கியது. "நம்ம பய வந்துட்டான்" என்று வாட்ச்மேன் முந்திக்கொண்டார். சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில் கறுப்புக் கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட பாதுகாவலர் ஒருவர் ஓடிவந்து கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

"அவ்ளோதான்" என்றார் கமாண்டர். "இறங்கிட்டாரு. முடிஞ்சுது."

கதவு திறக்கவில்லை.

பாதுகாவலர் மறுபடி இழுத்தார். கார்தான் லேசாக ஆடியது. இன்னொருவர் ஓடிவந்தார். உள்ளிருந்து ஒரு கை கண்ணாடியைத் தட்டியது. அறிவிப்பாளர் கம்பீரமாக, "இதோ, தலைவர் அவர்கள் காரிலிருந்து இறங்குகிறார்" என்றார். சற்றுப் பொறுத்து, "இறங்கிக்கொண்டிருக்கிறார்" என்றார். பிறகு, "இன்னும் சிறிது நேரத்தில் இறங்கவிருக்கிறார்" என்றார். மார்ச் ஓடிக்கொண்டே இருந்தது. இதுவரை எந்த டிவியிலும் எட்டாத இடங்களை அது ஒவ்வொன்றாகத் தாண்டுவதைக் கமாண்டர் நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"லாக் மாட்டிக்கிச்சு" என்றார் வாட்ச்மேன் நிபுணரைப் போல.

"அந்தப் பக்கக் கதவு வழியா இறங்கலாமே" என்றார் கணவர் மெல்ல.

"நீங்க சும்மா இருங்க! அவங்க காதுல விழுந்துடப் போகுது!"

"அந்தப் பக்கம் கம்பளம் இல்ல சார்" என்று வாட்ச்மேன் அவரைச் சமாதானப்படுத்தினார். "கம்பளம் இல்லாம இறங்க மாட்டாங்க."

டிரைவர் இறங்கி வந்தார். சாவியைப் போட்டார், எடுத்தார், தன் வேட்டி மடிப்பில் துடைத்து மறுபடி போட்டார். "அவசரப்படாதீங்கண்ணே" என்று கமாண்டர் அவருக்குச் சொன்னார். "நிதானமா, நிதானமா. சாவி உடைஞ்சுடப் போகுது. ஆமா, அப்படித்தான். என்ன நல்ல மனுஷன் பாருங்கக்கா!"

டிரம் அடங்கியது. டிரம்பெட்டுகள் வாயை மூடிக்கொண்டன.

கிளாரினெட்டுகள் பாட ஆரம்பித்தன. வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திரையில் நாலு பாதுகாவலர்கள் ஒரு காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அறிவிப்பாளரும் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் மௌனமாகிவிட, நாடு முழுக்க, எத்தனையோ வீடுகளில், அந்த மெட்டு தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கமாண்டரின் உதடு மட்டும் அசைந்தது. "வலது கன்னம்" என்றார். கணவர் தொடையில் ஒரு விரலால் தாளம் போட்டார், ஓங்காமல். "தாடை" என்றார் கமாண்டர். "மேலுதடு. நில்லு, நில்லு. ஆங்." நான் குளியலறைப் பக்கம் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப இடது கன்னம்" என்று அவர் சொல்ல வாயெடுத்த நேரத்தில், திரையில் ஒரு சத்தம். பாதுகாவலர்கள் பின்னால் நகர்ந்தார்கள். கார்க் கதவு ஒரு கோடு அளவுக்குத் திறந்தது. இடுக்கில் வெள்ளைச் சட்டைக் கையின் ஓரமும், பளபளவென்று ஒரு ஷூவின் நுனியும் தெரிந்தன.

"ஐயையோ!"

கமாண்டர் காபி டம்ளர்களை ஒரே தாவலில் தாண்டினார். இரண்டு உள்ளங்கைகளையும் திரையில் அந்தக் கதவின் மேல் வைத்து, தரையில் காலை ஊன்றி, தோளையும் கொடுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அதைச் சாத்திப் பிடித்துக்கொண்டார்.